பார்வைத் தூரம்

ஐந்தரைக்கு வாசிப்பு.
ஓர்ஸ் ஹில் நிலையத்தின் பின்புறப் புல்லில் ஈரம் இல்லை.
மார்கழியில் செருப்பு நனையாமல் நடந்தது
பதினொரு வருட உத்தியோகத்தில் இதுதான் முதல்.

வெள்ளைப் பெட்டியைத் திறக்கிறேன்.
உலர் குமிழ் இருபத்துநாலு தசம் எட்டு.
ஈரக் குமிழ் இருபது தசம் ஆறு.
இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடம் கிடந்தால்
அது பனியில்லை.
பனி என்று எழுத எனக்கு அனுமதியில்லை.

பிறகு பார்வைத் தூரம்.
அதற்குக் கருவி கிடையாது, நான்தான் கருவி.
சுவரில் ஒட்டிய பட்டியல் சொல்லும்:
தண்ணீர்த் தாங்கி தெரிந்தால் எண்ணூறு மீற்றர்,
கோணேசர் மலை தெரிந்தால் இரண்டு கிலோமீற்றர்,
சீனன்குடா மா ஆலை தெரிந்தால் ஆறு,
மூதூர்க் கரை தெரிந்தால்
அன்றைக்கு எனக்கு வேலையே இல்லை.

மூதூர் இல்லை.
ஆலை இல்லை; அதன் சிவப்பு விளக்கு மட்டும்
புண்ணில் வைத்த பஞ்சு மாதிரி ஊறிக்கொண்டு.
கோயில் மணி கேட்கிறது.
மணி இருக்கிறது,
மலையைக் காணோம்.

‘மீதும’ என்று போடுவமா என்கிறான் தம்மிக்க,
கொட்டாவியோடு.
இல்லை, பனியெண்டால் மணக்காது என்றேன்.

காற்று வடகிழக்கு, ஆறு நொட்.
சல்லியிலிருந்து அன்ரனி போன் எடுத்தார்:
“கடல் பரவாயில்லைப் பிள்ளை,
திரும்பி வரக் கரையைத்தான் காணேல்லை.
என்ன காத்து?”
வாடை, என்றேன்.
“அது எனக்கும் மூக்கிலை அடிக்குது” என்றார்.
திசைக்கும் நாற்றத்துக்கும்
ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் மொழியில்
இதற்குமேல் என்னத்தை விளங்கப்படுத்துவது.

நேற்று முழுக்கத் தொலைக்காட்சி சொன்னது:
புயல் போன பாதையில் பக்கத்து நாட்டுப் புகை.
இருக்கும். அம்புக்குறிகள் அப்படித்தான் வளைகின்றன.
ஆனால் என் மூக்குக்கு அது பெருநகரத்துப் புகையாய்ப் படவில்லை.
பொலித்தீன். பால்மாப் பைக்கற். ஈரச் சிரட்டை.
இரண்டு கிழமையாய் நகரசபை ட்ராக்டர் வரவில்லை,
ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் நானும்தான் கொளுத்தினேன்,
பக்கத்து வீட்டு மர்லினும் கொளுத்தினா,
வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.
மான்கள்கூட அன்று எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை.

படிவத்தில் காற்றின் வேகத்துக்குக் கட்டம் உண்டு,
முகிலின் உயரத்துக்கு உண்டு,
எட்டில் எத்தனை பங்கு வானம் மூடியது என்பதற்கும் உண்டு.
கொளுத்தியது யார் என்பதற்கு இல்லை.

நேற்றிரவு ஒன்பதரைக்கு
அக்சரனுக்கு நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது.
நாலு வயது. விசில் அவனுக்குப் பிடிக்கும்,
முதலில் சிரித்தான்.
ஆஸ்பத்திரியில் முகமூடிக்குள் மருந்து புகைந்தது,
அந்த ஒரு புகைதான் இந்த ஊரில் வெளுப்பாய் இருந்தது.
அடுத்த கட்டிலிலும் ஒரு பிள்ளை, அதற்கடுத்ததிலும்.
தகப்பனை இருத்திவிட்டு நான் கடமைக்கு வந்தேன்;
ஐந்தரை வாசிப்பு யாருக்காகவும் நிற்காது.

கொழும்புக்கு அனுப்ப இன்னும் மூன்று நிமிடம்.
பார்வைத் தூரம், ஆயிரத்தெண்ணூறு.
தற்போதைய வானிலை, சைபர் ஐந்து: உலர் மூட்டம்.
ஈரப்பதன் கட்டத்தில் பேனையை வைக்கப்
போன் அடிக்கிறது.
“நித்திரையாகிட்டான். எண்பத்தெட்டில கிடந்தது,
இப்ப தொண்ணூற்றாறு.”
ம், என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை.

குனிந்து பார்த்தால்
கட்டத்துக்குள் என் கையெழுத்தில் 96.

தொண்ணூற்றாறு என்றால் அது பனி.
யாரும் கொளுத்தாத, யாருக்கும் இருமல் வராத,
வெயில் ஏறினால் தானாய்க் கலைகிற பனி.
தம்மிக்க பார்க்கவில்லை.
ஒரு நிமிடம் அதை அப்படியே வைத்திருந்தேன்.

இந்தப் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு, பிழை வாசிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் சுருக்கொப்பம்.
அதற்கு மேலே சரியான எண்.

கோடு இழுத்தேன்.
ஒப்பம் வைத்தேன்.
68.